வில்லிஸ் ஜீப்புக்கு முன்சக்கர டிஸ்க் பிரேக்: வீட்டில் பொருத்திய ஒரு மாற்றுத் தொகுப்பின் மதிப்புரை

வில்லிஸ் சிஜே-3பி ஜீப்பின் முன்சக்கரங்களில் இருக்கும் 9 அங்குல டிரம் பிரேக்குகளைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் டிஸ்க் பிரேக்குகளைப் பொருத்துவதற்கென்று விற்கப்படும் மாற்றுத் தொகுப்பு ஒன்றை வாங்கி, வீட்டுக் கொட்டகையிலேயே பொருத்தி, எட்டு மாதங்கள் ஓட்டிப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். தொகுப்பு நல்லது, வாங்கலாம். ஆனால் பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதுபோல அது இரண்டு நாள் வேலை அன்று. எனக்கு ஏழு வாரம் ஆயிற்று. அதில் தொகுப்பைப் பொருத்துவதற்குப் போன காலம் குறைவு. அதைத் தாங்க வேண்டிய பழைய முன்அச்சைச் செப்பனிடுவதற்குப் போன காலமே அதிகம். தயாரித்தவரின் பெயரை எழுதாமல் விடுகிறேன். ஏறக்குறைய இதே வடிவத்தில் பலர் செய்து விற்பதால், நான் சொல்லும் நிறைகளும் குறைகளும் எந்தத் தொகுப்பை வாங்குபவருக்கும் பயன்படும்.

சிஜே-3பி 1953இல் வந்து 1968 வரை தயாரிக்கப்பட்ட வண்டி. போர்க்கால ஜீப்பில் இருந்த பக்கவால்வு எஞ்சினுக்குப் பதிலாக, உள்ளிழுக்கும் வால்வு ஹெட்டிலும் வெளியேற்றும் வால்வு பிளாக்கிலுமாக அமைந்த ‘ஹரிக்கேன்’ எஞ்சினை இதில் வைத்தார்கள். உயரம் கூடிய அந்த எஞ்சினை மூடுவதற்காகவே பானெட் உயர்த்தப்பட்டது. தொலைவில் வரும்போதே இந்த வண்டியை இன்னதென்று காட்டுவதும் அந்த உயர்ந்த பானெட்தான். கொள்ளளவு பழைய 2.2 லிட்டராகவே இருந்தாலும், 60 குதிரைத்திறனாக இருந்த சக்தி எழுபதைத் தாண்டியது. சக்கரத்துக்குள் இருந்ததோ 1941ஆம் ஆண்டின் போர்க்கால வண்டியில் இருந்த அதே அளவு டிரம். அன்றைய வேகத்துக்கும் அன்றைய சாலைக்கும் அது போதுமானதாகவே இருந்தது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இன்று அந்த வண்டி நவீனக் கார்களுக்கு நடுவே ஓடுகிறது. முன்னே போகும் கார் நின்றுவிடும் தொலைவுக்குள் இதுவும் நின்றாக வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றலைப்போல 80 கிலோமீட்டரில் நான்கு மடங்கை விழுங்க வேண்டும் என்பதை நினைத்துப் பார்த்தால், சிறிய டிரம் நீண்ட இறக்கத்தில் ஏன் சூடேறிப் பிடிமானத்தை இழக்கிறது என்பது விளங்கும்.

பெட்டிக்குள் இருந்தவை இவை: இரண்டு டிஸ்க்குகள், டிஸ்க்கை உராய்ந்து பிடிக்கும் பேட்களோடு இரண்டு காலிப்பர்கள் (பேட்களை இருபுறமும் நெருக்கும் கவ்விகள்), அவற்றை நக்கிளில் (ஸ்டியரிங்கோடு சேர்ந்து திரும்பும் அச்சு முனையில்) தாங்கும் தடித்த எஃகுத் தாங்கிகள் இரண்டு, சக்கர நட்டுகள் ஏறும் புதிய ஸ்டட்கள், பிரேக் ஆயிலுக்கான இரண்டு ஹோஸ்கள், அழுத்தம் காக்கும் சிறு வால்வு ஒன்று, ஒரே தாளில் இரு பக்கமும் அச்சிட்ட வழிமுறை. தாங்கிகள் மிகச் செம்மையாக வெட்டப்பட்டிருந்தன. சக்கரத்தைத் தாங்கும் குறுந்தண்டான ஸ்பிண்டிலையும் டிரம்மின் பின்தகட்டையும் நக்கிளோடு பிணைக்கும் ஆறு போல்ட்டுகளின் துளைகளோடு, அரம் போட வேண்டிய தேவையே இல்லாமல் அவை பொருந்தின. அச்சில் எங்கும் துளையிட வேண்டியதில்லை, வெல்டிங் செய்ய வேண்டியதில்லை. இதுவே இந்தத் தொகுப்பின் முதல் சிறப்பு என்று கருதுகிறேன்.

பழைய டிரம்மைத் திறப்பதற்கு முன் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து வண்டிகளின் பிரேக் லைனிங்கில் (டிரம்மோடு உராயும் பட்டையில்) அஸ்பெஸ்டாஸ் இருந்தது. டிரம்முக்குள் படிந்திருக்கும் கரிய தூளைக் காற்றழுத்தக் குழாயால் ஊதிச் சுத்தம் செய்யும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. அதைச் செய்யவே கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியை உறையிலிட்டுக் கட்டிவிட வேண்டும், முகமூடியும் வேண்டும். வழிமுறைத் தாளில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பழைய வண்டியைத் தொடுபவர்களுக்கென்றே செய்து விற்கும் ஒரு பொருளில் இது சிறிய குறை அன்று.

டிரம்மைக் கழற்றியதும் தெரிந்தது, என் வண்டி ஏன் இத்தனை காலம் பிரேக் மிதித்தால் வலப்புறம் இழுத்தது என்பது. இடப்பக்க லைனிங் முழுவதும் கிரீஸ். இந்த முன்அச்சில் நக்கிள் ஒரு உருண்டையான கூடு. அச்சின் முனையில் உள்ள கோளத்தைச் சுற்றி அது திரும்புகிறது. கோளத்தின் பரப்பில் துரு அரித்துக் குழிகள் விழுந்திருந்தால், எத்தனை புதிய சீல் போட்டாலும் கசிவு நிற்காது. உட்புறம் அச்சுக் குழாயில் இருக்கும் சீல் தேய்ந்திருந்தால் டிஃபரென்ஷியல் ஆயிலும் நக்கிளுக்குள் வந்து சேரும். அந்தக் கலவை வழிந்து, சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பின் பக்கம் போகிறது. டிரம்மைக் கெடுத்த அதே கசிவு புதிய பேட்களையும் கெடுக்கும். எனவே தொகுப்பை மூடி வைத்துவிட்டு, கோளத்தின் குழிகளை எபாக்சியால் நிரப்பி, நுண்ணிய உப்புத்தாளால் வழவழப்பாக்கி, உள்சீல், வெளிச்சீல் இரண்டையும் மாற்றினேன். அச்சுத்தண்டை வெளியே இழுப்பதற்கு முன், சக்கரம் திரும்பும்போதும் சுழற்சியைக் கடத்தும் அதன் இணைப்பு எந்த வகை என்று பார்த்துக்கொள்வது நல்லது. இந்த ஜீப்புகளில் சிலவற்றில் குண்டுகள் அமைந்த பெண்டிக்ஸ் இணைப்பும், சிலவற்றில் சிலுவை வடிவ ஸ்பைசர் இணைப்பும் இருந்தன. பெண்டிக்ஸ் இணைப்பாக இருந்தால் கவனமின்றி இழுக்கும்போது குண்டுகள் சிதறும்.

நக்கிள் திரும்புவதற்கு அதன் மேலும் கீழும் உள்ள கிங்பின் பேரிங்குகளின் நிலையும் மோசமாகவே இருந்தது. சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆட்டம் தெரிந்தது. ஹப் பேரிங்கை இறுக்கிய பிறகும் அது போகவில்லை என்றால் கிங்பின்தான் காரணம். மேலும் கீழும் உள்ள ஷிம்களை (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகளை) மாற்றி மாற்றி வைத்து, நக்கிள் ஆட்டமின்றியும் அதே நேரம் கட்டிப்பிடிக்காமலும் திரும்பும் அளவைக் கண்டுபிடிப்பது பொறுமையைக் கோரும் வேலை. வில்தராசு ஒன்றை நக்கிளின் கையில் மாட்டி இழுத்து அளந்து செய்ய வேண்டும். சீல் மாட்டிய பின் அளந்தால் சீலின் பிடிப்பும் சேர்ந்துவிடும் என்பதால், சீலுக்கு முன்பே அளந்துவிட வேண்டும். இவ்வளவையும் நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டிரம் பிரேக்கில் கிங்பின் ஆட்டம் ஓரளவு மறைந்திருக்கும். டிஸ்க் அப்படி விடாது. சக்கரம் அசையும்போதெல்லாம் டிஸ்க் சாய்ந்து பேட்களைப் பின்னுக்குத் தள்ளும், அடுத்த முறை மிதிக்கும்போது பெடல் பாதி வழி வெறுமனே இறங்கும். “டிஸ்க் போட்டேன், பெடல் நிற்கவில்லை” என்று சொல்பவர்களில் பலர் பழுதைத் தொகுப்பில் தேடுகிறார்கள். அவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் பேரிங்.

ஸ்டட்களைப் பற்றியும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த ஹப்பில் டிரம்மையும் ஹப்பையும் சேர்த்துப் பிடிப்பது ஸ்டட்களே. தொழிற்சாலையில் அவற்றை அழுத்திச் செலுத்திய பிறகு, தோள்பகுதியை நசுக்கி விரித்து விடுவார்கள். அந்த விரிவை வெட்டி எடுக்காமல் சுத்தியலாலோ பிரஸ்ஸாலோ ஸ்டட்டை வெளியே தள்ளினால், ஹப்பின் துளை பெரிதாகிவிடும், புதிய ஸ்டட் அதில் நிற்காது. வழிமுறைத் தாள் “பழைய ஸ்டட்களை அகற்றவும்” என்ற ஒற்றை வரியோடு முடித்துக்கொள்கிறது. ஸ்டட்டின் மேல் சரியாக அமரும் குழல் வடிவ வெட்டுக்கருவி ஒன்றைக் கடனாகப் பெற்று, விரிந்த பகுதியை மட்டும் சீவி எடுத்த பிறகே நான் அவற்றைத் தள்ளினேன். பத்தில் ஒன்றுகூடத் துளையைக் கெடுக்கவில்லை.

இன்னொன்று உயிரோடு தொடர்புடையது. இந்த ஜீப்புகளில் இடப்பக்கச் சக்கரங்களின் ஸ்டட்களுக்கு இடதுமரை (வழக்கத்துக்கு எதிர்த்திசையில் இறுகும் மரை) இருக்கும். தொகுப்பில் வரும் ஸ்டட்கள் பத்தும் வலதுமரை. எனவே வேலை முடிந்ததும் என் வண்டியில் இடப்பக்க முன்சக்கரம் ஒரு திசையிலும், அதற்குப் பின்னால் இருக்கும் சக்கரம் எதிர்த்திசையிலும் கழலும் நிலை வந்தது. அவசரத்தில் டயர் மாற்றும் ஒருவர் கழற்றுவதாக எண்ணி இறுக்கி ஸ்டட்டை ஒடித்துவிடலாம். இறுக்குவதாக எண்ணித் தளர்த்தியும் விடலாம். பின்சக்கர ஸ்டட்களையும் ஒரே மரைக்கு மாற்றுவதே முறையான தீர்வு. அதைச் செய்யும் வரை, ரிம்மின் மேலேயே திசைக்குறியை வண்ணத்தால் எழுதி வைத்திருக்கிறேன். தயாரித்தவர் இதற்கென ஒரு சிறிய ஒட்டுத்தாளாவது சேர்த்திருக்கலாம்.

ஹப்பைத் திரும்பப் பூட்டுவதில் புதுமை எதுவும் இல்லை. சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே உள்நட்டைப் பிடிக்கும் வரை இறுக்கி, ஆறில் ஒரு சுற்று தளர்த்தி, பூட்டு வாஷரையும் வெளிநட்டையும் போட்டு, வாஷரின் காதை மடித்துவிட வேண்டும். காலிப்பர்களைப் பொருத்தும்போது மட்டும் ஒரு எச்சரிக்கை: இடது, வலது என்று அவற்றில் குறி இல்லை. காற்று வெளியேற்றும் நிப்பிள் மேலே இருக்குமாறு பொருத்த வேண்டும். இடம் மாறினால் நிப்பிள் கீழே போய்விடும், எவ்வளவு நேரம் பிளீட் செய்தாலும் மேலே தங்கிய காற்று வெளியேறாது.

இனி, எனக்கு மிகுந்த கவலையைத் தந்த பகுதிக்கு வருகிறேன். இந்த ஜீப்பில் மாஸ்டர் சிலிண்டர் (பெடலின் விசையை ஆயில் அழுத்தமாக மாற்றும் உருளை) ஓட்டுநரின் காலடியில், தரைத்தகட்டுக்குக் கீழே, ஃப்ரேமில் இருக்கிறது. நவீன வண்டிகளில் அது உயரத்தில் இருப்பதால் பிரேக் ஆயில் தானாகக் காலிப்பரில் நிறைந்து நிற்கும். இங்கே ஆயில் தொட்டி காலிப்பரைவிடத் தாழ்வாக இருப்பதால், காலை எடுத்ததும் ஆயில் பின்னோக்கி வடியப் பார்க்கும். அதைத் தடுக்கவே சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டு அழுத்தத்தை மட்டும் குழாயில் தக்கவைக்கும் சிறு வால்வைத் தருகிறார்கள். டிரம் பிரேக்குக்கோ சுமார் 10 பவுண்டு வேண்டும். லைனிங் ஒட்டிய ஷூக்களை டிரம்மின் மேல் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் கிண்ணங்களை விரித்து வைத்து, காற்று உள்ளே நுழையாமல் காப்பது அந்த அழுத்தம்தான். டிரம்முக்கென்று செய்யப்பட்ட மாஸ்டர் சிலிண்டரில் இந்த வால்வு உள்ளேயே இருக்கும். டிரம்மில் ஷூக்களை இழுத்துக்கொள்ள வலுவான ஸ்பிரிங்குகள் இருப்பதால் அந்த அழுத்தம் தீங்கு செய்யாது. டிஸ்க்கில் அப்படி ஸ்பிரிங் கிடையாது, எனவே அதே அழுத்தம் பேட்களை டிஸ்க்கோடு உரசவைத்துவிடும்.

பழைய ஒற்றைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரில் எங்காவது ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரங்களிலும் பிரேக் போய்விடும். அமெரிக்காவில் இரட்டைச் சுற்று கட்டாயமானதே 1960களின் இறுதியில்தான். ஆகவே தொகுப்போடு, முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிச் சுற்று உள்ள மாஸ்டர் சிலிண்டர் ஒன்றையும் வாங்கி, அதே இடத்தில் தாங்கி வைத்துப் பொருத்தினேன். அதன் இரு வாய்களிலும் டிரம்முக்கான உள்வால்வு இருந்ததை நான் கவனிக்கவில்லை. வழிமுறைத் தாளும் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. முதல் ஓட்டத்தில் மூன்று கிலோமீட்டர் போவதற்குள் வண்டி கனத்துப்போனது. இறங்கிப் பார்த்தால் முன்ஹப் இரண்டும் கை வைக்க முடியாத சூடு, பேட் கருகும் வாடை. சூடு ஆறிய பிறகு சக்கரத்தை ஜாக்கில் தூக்கி நிப்பிளைத் திறந்தேன். ஆயில் பீறிட்டு வந்தது, அதே கணம் சக்கரம் விடுபட்டுச் சுழன்றது. நிப்பிளைத் திறந்ததும் சக்கரம் விடுபட்டால் குழாயில் அழுத்தம் சிக்கியிருக்கிறது என்று பொருள். விடுபடாவிட்டால் காலிப்பர் பிஸ்டனோ அதன் சறுக்கூசியோ இறுகியிருக்கிறது என்று பொருள். முன்சுற்றின் வாயில் குழாய் அமரும் பித்தளை இருக்கையை எடுத்து, அதன் பின்னால் இருந்த வால்வை நீக்கி, மீண்டும் பூட்டியதும் கோளாறு முற்றிலும் நீங்கியது. பேட்கள் இரண்டு ஜோடியும் பளபளத்துக் கெட்டித்துப் போய்விட்டதால் புதியவை போட வேண்டியதாயிற்று. ஒரே ஒரு வரி அந்தத் தாளில் இருந்திருந்தால் இது நேர்ந்திருக்காது. இந்தத் தொகுப்பில் நான் கண்ட ஆகப் பெரிய குறை இதுவே. உலோகத்தில் காட்டிய அக்கறையை எழுத்திலும் காட்டியிருக்க வேண்டும்.

ஹோஸ்களின் நீளமும் எனக்கு நிறைவு தரவில்லை. சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்கு அவை போதும். ஆனால் கரடுமுரடான நிலத்தில் ஒரு சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது, கமான் பட்டை முழுவதும் இறங்கிய நிலையில் ஸ்டியரிங்கையும் கடைசி வரை திருப்பினால் ஹோஸ் விறைத்துவிடுகிறது. ஃப்ரேமுக்கு அடியில் ஜாக் வைத்து, அச்சைத் தொங்கவிட்டு, இரு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பார்க்காமல் எவரும் இந்த வண்டியைக் காட்டுப் பாதைக்கு எடுத்துச் செல்லக் கூடாது. நான் இரண்டு அங்குலம் நீளமானவற்றை வாங்கி மாட்டினேன். எஃகுக் குழாய்களை முழுவதும் எடுத்துவிட்டுச் செம்பு-நிக்கல் குழாய் போட்டேன். கையாலேயே வளைகிறது, துருப்பிடிப்பதில்லை, முனையை இரட்டை மடிப்பாக விரிப்பதும் எளிது. ரிம்மின் உட்புறம் கவ்வியிருந்த சமன் எடைகள் காலிப்பரில் உரசியதால், அவற்றை எடுத்துவிட்டு ஒட்டும் வகை எடைகளை வேறிடத்தில் வைக்கச் சொன்னேன்.

இவ்வளவுக்கும் பிறகு பிரேக் எப்படி இருக்கிறது? நேராக நிற்கிறது. இதைச் சாதாரணச் செய்தியாக நினைக்க வேண்டாம். பழைய டிரம்மில் ஒவ்வொரு முறை மிதிக்கும் முன்பும் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் இழுத்துப் பிடிக்க வேண்டும் என்று கை தானாகத் தயாராகும். அந்தத் தயக்கம் இப்போது என் கைகளைவிட்டுப் போயிருக்கிறது. நீண்ட இறக்கத்தில், பழைய வழக்கப்படியே குறைந்த கியரில் எஞ்சினின் பிடிப்போடு இறங்கி, தேவைப்படும்போது மட்டும் பெடலைத் தொட்டால், அடிவாரம் வரை பெடலின் உயரம் மாறுவதில்லை. முழங்கால் அளவு நீரோடையைக் கடந்து ஏறியபின், டிரம்மில் சிறிது தூரம் பிரேக்கை லேசாக மிதித்தபடியே ஓட்டி ஈரத்தை உலர்த்த வேண்டியிருந்தது. டிஸ்க்கில் முதல் மிதியிலேயே நீர் துடைத்தெடுக்கப்பட்டுவிடுகிறது. சேற்றில் மட்டும் முடிவு கலப்பானது: டிஸ்க்கில் சேறு தங்குவதில்லை என்றாலும், மணல் கலந்த சேறு பேட்களை விரைவாகத் தேய்க்கிறது. ஒவ்வொரு சேற்றுப் பயணத்துக்குப் பிறகும் காலிப்பரைத் தண்ணீரால் நன்றாகக் கழுவுகிறேன்.

பெடலுக்கு முன்பைவிடச் சற்று அதிக விசை வேண்டியிருக்கிறது. டிரம்மில் முன்னோக்கிய ஷூ, சுழற்சியின் இழுப்பாலேயே மேலும் இறுகிக்கொள்ளும். டிஸ்க்கில் அந்த உதவி இல்லை, காலின் விசை மட்டுமே. ஒரு டன் அளவே எடையுள்ள இந்த வண்டிக்கு, மிதிவிசையைப் பெருக்கித் தரும் பூஸ்டர் தேவையில்லை என்பது என் முடிவு. கால் வலிமை குறைந்தவர்களுக்கு அது வேறாக இருக்கலாம். பின்சக்கரங்களில் 9 அங்குல டிரம்மே தொடர்கிறது. வெறிச்சோடிய சரளைத் தரையில் சிறு வேகத்தில் அழுத்தி மிதித்து, முன்சக்கரங்களே முதலில் பூட்டிக்கொள்கின்றன என்பதை உறுதிசெய்துகொண்டேன். பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி சுழன்றுவிடும் என்பதால், இந்தச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது. கைபிரேக்குக்கும் இந்த மாற்றத்துக்கும் தொடர்பில்லை. அது, எஞ்சின் சக்தியை முன்அச்சுக்கும் பின்அச்சுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் புரொப்பெல்லர் தண்டைப் பிடிக்கும் தனி டிரம்.

தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலேயே வண்டியை வைத்திருக்க விரும்புபவருக்கு இந்தத் தொகுப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். ரிம்மின் துளைகள் வழியே காலிப்பர் தெரியும். பழைய வண்டியின் தோற்றத்தை நேசிப்பவருக்கு அது உறுத்தும். அவர்களுக்கு, பிற்கால ஜீப்புகளில் வந்த பெரிய டிரம்களுக்கு மாறுவது நல்ல வழி: வெளியே எதுவும் தெரியாது, பிடிமானமும் கணிசமாகக் கூடும். ஈரத்தில் மட்டும் டிரம்மின் இயல்பு மாறாது. வாரந்தோறும் சாலையிலும் காட்டுப் பாதையிலும் ஓட்டுபவர், முன்அச்சை முழுவதும் பிரித்துக் கட்ட மனமும் காலமும் உள்ளவர், தயங்காமல் டிஸ்க்குக்குப் போகலாம். அச்சைப் பிரிக்காமல் மேலோட்டமாக இதைப் பூட்டிவிட நினைப்பவர் அந்தப் பணத்துக்கு முதலில் சீல்களும் பேரிங்குகளும் புதிய லைனிங்கும் வாங்கட்டும். பழைய டிரம்மே அவருக்கு வியப்பூட்டும் அளவுக்கு நன்றாக நிற்கக்கூடும்.

எட்டு மாத முடிவில் பேட்களை எடுத்துப் பார்த்தேன். இருபக்கமும் ஒரே அளவில் தேய்ந்திருக்கின்றன. நக்கிளிலிருந்து ஒரு சொட்டுக் கசிவும் இல்லை. டிஸ்க்கின் பரப்பில் மணல் கீறிய மெல்லிய கோடுகள் தவிர வேறு குறை இல்லை. கழற்றிய டிரம்கள், பின்தகடுகள், வீல் சிலிண்டர்கள் எல்லாவற்றையும் எண்ணெய் பூசி, இடது, வலது என்று எழுதி, ஒரு மரப்பெட்டியில் வைத்திருக்கிறேன். அச்சில் எதையும் வெட்டாததால், எனக்குப் பின் இந்த வண்டியை வைத்திருப்பவர் விரும்பினால் ஸ்டட்களைப் புதிதாகப் போட்டு, முன்சுற்றில் டிரம்முக்கான வால்வையும் திரும்ப வைத்து, பழையபடியே பூட்டிக்கொள்ளலாம்.